பழைய பிக்கப்பைக் கொடுத்துவிட்டு “புது இன்ஜின்” பிக்கப் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

பழைய வண்டிகளை ஆன்லைனில் விற்கும் தளம் ஒன்று. புகார் இன்னும் நிலுவையில் இருப்பதால் பெயர் போடவில்லை. “முழுச் சோதனை முடிந்தது” என்று பச்சை முத்திரை குத்தி அவர்கள் விற்ற காமன் ரெயில் டீசல் பிக்கப் (பம்ப் அழுத்தும் டீசல் ‘ரெயில்’ என்ற ஒரே பொதுக் குழாயில் சேர்ந்து, அங்கிருந்து ஒவ்வொரு சிலிண்டரின் இன்ஜெக்டருக்கும் போகும் புது வகை), கைக்கு வந்த பதினொன்றாம் நாள், 612 கிலோமீட்டரில் நடுரோட்டில் நின்றுவிட்டது. பழுது பார்க்க வந்த பில், வண்டி விலையில் மூன்றில் ஒரு பங்கு. மூன்றில் ஒரு பங்கு! வாங்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன். அதற்கு முன் ஏமாந்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அது டெஸ்ட் டிரைவ். “உங்க பழைய வண்டியைவிட ரெண்டு மடங்கு பவர் சார், மிதிச்சுப் பாருங்க” என்றார் விற்க வந்தவர். மிதித்தேன். 1,800 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் சுற்று) தாண்டியதும் முதுகு சீட்டில் ஒட்டிக்கொண்டது. கையிலிருந்த ஸ்கேனரைத் திருப்பிக் காட்டி, “ஒரு கோடுகூட இல்ல பாருங்க” என்றார். கோடு என்றால் வண்டி பதிந்து வைக்கும் பழுதுக் குறியீடு. நம்பியது அந்த இரண்டு நிமிடத்தில்தான்.

இரண்டு மடங்கு பவர் என்பது பொய்யில்லை. ஆனால் எந்த ஆர்பிஎம்மில் என்று கேட்க வேண்டும். நியூட்டன் மீட்டரை ஆர்பிஎம்மால் பெருக்கி 9,549ஆல் வகுத்தால் கிலோவாட். 300 நியூட்டன் மீட்டர் இழுவை 1,500 ஆர்பிஎம்மில் 47 கிலோவாட், அதே இழுவை 3,000இல் 94. உதாரணத்துக்கு 1989இல் டாட்ஜ் பிக்கப்பில் வந்த 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசலுக்கு 160 குதிரைசக்தி, 400 பவுண்டு-அடி டார்க், அதாவது இழுவை. 2011இல் ஃபோர்டு எஃப்-150இல் வந்த 3.5 லிட்டர் ஈகோபூஸ்ட் பெட்ரோலுக்கு 365 குதிரைசக்தி, 420 பவுண்டு-அடி. டார்க் கிட்டத்தட்ட ஒன்றுதான். முன்னது 2,500 சுற்றோடு நிறுத்திக்கொள்கிறது, பின்னது 5,000 வரை போகிறது. “இரண்டு மடங்கு” அங்கிருந்துதான் வருகிறது.

லோடு ஏற்றி ஓட்டுகிறவனுக்கு 1,200க்கும் 1,600க்கும் இடையில் என்ன கிடைக்கிறது என்பதுதான் முக்கியம். பழைய மெக்கானிக்கல் பம்பில் கவர்னர் இருக்கிறது. ஏற்றத்தில் கிளட்சை விட்டதும் சுற்று குறையும், கவர்னர் தானாக டீசலைக் கூட்டும், ஆக்சிலேட்டரைத் தொடாமலே வண்டி ஊர்ந்து ஏறிவிடும். கனமான ஃப்ளைவீலும் கைகொடுக்கும். ஹைவேயில் ஓவர்டேக் செய்ய மட்டும் அதனிடம் மூச்சு கிடையாது. புதிய இன்ஜினில் கொள்ளளவு குறைவு, மீதியை டர்போ ஈடுகட்ட வேண்டும். அது சுற்றெடுக்கும்வரை, 1,400க்குக் கீழே, லோடோடு கிளப்பினால் திணறும். அந்தச் சுற்றைத் தாண்டிவிட்டால் பழையது கிட்டவே வர முடியாது. ஆள் மட்டும் ஏறிய காலி வண்டியில் இந்தத் திணறல் தெரியாது, பாய்ச்சல் மட்டுமே தெரியும். அதனால்தான் காலி வண்டியைத் தந்து மிதிக்கச் சொல்கிறார்கள்.

இன்னொன்று. பழைய பம்பில் யாராவது ஃப்யூயல் ஸ்க்ரூவைத் திருகி டீசலைக் கூட்டியிருந்தால் பின்னால் வரும் கரும்புகை காட்டிக்கொடுத்துவிடும். புதியதில் இசியூவில் (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) மேப்பை, அதாவது டீசல் அளவுக் கணக்கை, மாற்றினால் டீசலோடு டர்போ தள்ளும் காற்றும் சேர்ந்து கூடும், புகை அவ்வளவாகத் தெரியாது. சூடு ஏறி டர்போவும் பிஸ்டனும் பிறகு அழும். என்னை மயக்கிய அந்தப் பாய்ச்சல் கம்பெனி கொடுத்ததே இல்லை.

ஒர்க்‌ஷாப்பில் பிரித்தபோது தெரிந்தவை: டிபிஎஃப் (புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) டப்பாவை அறுத்து, உள்ளே இருந்ததை எடுத்துவிட்டு, திரும்ப வெல்டிங் வைத்திருந்தார்கள். அதற்கான எச்சரிக்கையை இசியூவில் அணைத்திருந்தார்கள். டீசல் அளவைக் கூட்டியிருந்தார்கள். ஹை பிரஷர் பம்ப் உள்ளுக்குள் தேய்ந்து உலோகத் தூளைக் கக்கியிருந்தது. “கோடு அழித்தபின் ஓடிய தூரம்” என்று இசியூவில் ஒரு கணக்கு உண்டு. அது 649 காட்டியது. நான் ஓட்டியது 612. அதாவது வண்டி என் கைக்கு வர வெறும் 37 கிலோமீட்டருக்கு முன்தான் கோடை அழித்திருக்கிறார்கள். சோதனை அறிக்கையின் தேதியோ அதற்கு மூன்று வாரம் முந்தையது.

பில் ஏன் மூன்றில் ஒரு பங்கு? பழைய இன்ஜினில் டீசல் பீய்ச்சும் நாசில் கெட்டால் நாசிலை மாற்றி, ஷிம் (மெல்லிய தகடு) வைத்து பிரஷர் செட் செய்தால் வேலை முடிந்தது. காமன் ரெயில் பம்புக்கு டீசல்தான் மசகு. டீசலில் தண்ணீர் சேர்ந்தாலோ, டேங்க் வறண்டு காற்று இழுத்தாலோ உள்ளே உலோகம் உலோகத்தோடு உரசும். அந்தத் தூள் ரெயிலுக்குள் போகும், இன்ஜெக்டருக்குள் போகும், ரிட்டர்ன் லைன் வழியாக டேங்குக்கும் திரும்பும். இன்ஜெக்டருக்குள் இடைவெளி சில மைக்ரான்தான். பம்பை மட்டும் மாற்றினால் மிச்சத் தூள் புதுப் பம்பையும் இன்ஜெக்டரையும் தின்றுவிடும். ஆகவே பம்ப், ரெயில், பைப்புகள், நான்கு இன்ஜெக்டர் எல்லாம் புதிது. டேங்கை இறக்கிக் கழுவி, ஃபில்டர் மாற்றி, ஒவ்வொரு இன்ஜெக்டரின் மேலும் இருக்கும் அளவுக் குறியீட்டை இசியூவில் ஏற்ற வேண்டும். ஏற்றாமல் விட்டால் ஐடிலிங்கில் நடுங்கும்.

தளத்தில் கேட்டதற்கு முதல் பதில், “டீசல் சரியில்லை, வேற பங்க் பாருங்க.” இரண்டாவது, “வாரண்டி இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் மட்டும் சார், பம்ப், இன்ஜெக்டர் எல்லாம் துணைப் பாகம்.” பம்ப் இல்லாமல் ஓடும் டீசல் இன்ஜினை எங்கே வைத்திருக்கிறார்களோ. டிபிஎஃப் வெல்டிங்கின் போட்டோவை அனுப்பினால், “அது முந்தைய ஓனர் செய்தது.” அப்படியென்றால் உங்கள் பச்சை முத்திரை எதற்கு? புகாரை “தீர்க்கப்பட்டது” என்று இரண்டு முறை மூடிவிட்டார்கள். போன வாரம் பெரிய மனது பண்ணி ஒரு இலவச வாட்டர் வாஷ் கூப்பன் அனுப்பினார்கள். போனது வண்டி விலையில் மூன்றில் ஒரு பங்கு, வந்தது வாட்டர் வாஷ்.

விவரமாக எழுதுவதாகச் சொன்னேன், கை நடுங்குகிறது, சுருக்கமாகவே சொல்கிறேன். ஸ்கேனரை நீங்களே கொண்டு போங்கள். கோடு இருக்கிறதா என்று பார்க்காதீர்கள், அழித்து எத்தனை கிலோமீட்டர் ஆனது என்று பாருங்கள். ரெயில் பிரஷரில் இசியூ கேட்பதும் கிடைப்பதும் ஃபுல் மிதியில் ஒன்றாக ஏறுகிறதா பாருங்கள். 3,000 ஆர்பிஎம்மிலும் டிபிஎஃப் பிரஷர் வித்தியாசம் பூஜ்யம் என்றால் உள்ளே ஒன்றும் இல்லை. சைலன்சர் வாயில் விரலை விடுங்கள், டிபிஎஃப் வேலை செய்யும் வண்டியில் கரி ஒட்டாது. இன்ஜின் ஆயில் டிப்ஸ்டிக்கின் மேல்கோட்டுக்கு மேலே இருந்து டீசல் வாடை அடித்தால் வேண்டாம். டீசல் ஃபில்டரைக் கழற்றி வெள்ளைத் தட்டில் கவிழ்க்கச் சொல்லுங்கள். மினுமினுத்தாலோ, கழற்ற முடியாது என்று சொன்னாலோ, முன்பணம் கொடுக்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.