கார்டு பைத்தியத்தோட குடும்பம் நடத்துறவங்க பக்கத்துலேர்ந்து: 9 பாக்கெட் ஜிப் பைண்டர் ரிவ்யூ

கார்டு சொருகி வெக்கற இந்த பைண்டருக்கு ஏற்கனவே நெறைய பேர் ரிவ்யூ போட்டிருக்காங்க, எல்லாருமே ஸ்போர்ட்ஸ் கார்டு, அதாவது ஆட்டக்காரங்க படம் போட்ட அட்டை சேக்குறவங்க, அதனால தையல் எப்படி, பாக்கெட் எவ்ளோ கிளியரா இருக்குன்னு கார்டு பக்கம் நின்னே பேசியிருக்காங்க. நான் சேக்குற ஆள் இல்ல, சேக்குறவங்கள கட்டிக்கிட்ட ஆள். எனக்கு தெரிய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான், இத வாங்குனா சாப்பாட்டு மேஜை திரும்ப கிடைக்குமா? பாதி கிடைக்கும். மீதி பாதி ஏன் கிடைக்காதுன்னுதான் இந்த ரிவ்யூ.

மொதல்ல நிலவரம். ஸ்போர்ட்ஸ் கார்டு ஒரு வீட்டுக்குள்ள வந்தா ஒரு எடத்துல நிக்காது. மேஜைல பிரிச்ச பேக் கவர், அது பக்கத்துல டீம் வாரியா அடுக்கின குட்டி குட்டி கட்டு, புக் ஷெல்ஃப்ல என் புக்குக்கு முன்னாடி நிக்க வெச்ச டாப்லோடர்ங்கற கெட்டி பிளாஸ்டிக் உறை, கட்டிலுக்கு அடில நீள அட்டப்பெட்டி, இதுல அவங்க பிரிச்சு அடுக்குற நேரத்துல ஃபேன் போடக்கூடாது, கார்டு பறந்துடும், மேஜைல தண்ணி டம்ளர் வெக்கக்கூடாது, கைய தொடைக்காம எதையும் தொடக்கூடாது. "ஏங்க, ஓரத்த புடிங்க, மூஞ்சிய தொடாதீங்க"ன்னு ஒரு சத்தம் வரும், யாரோ கொழந்தைய தப்பா தூக்கிட்டோம் போலன்னு பதறுவோம், பாத்தா ஒரு கூடைப்பந்து ஆட்டக்காரரோட கார்டு. ராத்திரி போன்ல யாரோ ஒருத்தர் பாக்ஸ் பிரிக்கறத லைவ்வா பாத்துக்கிட்டு திடீர்னு கத்துவாங்க, நம்ம தூக்கம் போச்சு. இதெல்லாம் சண்டை போட்டு மாத்த முடியற விஷயம் இல்லன்னு எனக்கு சீக்கிரமே புரிஞ்சுது. ஆனா பொருள் எங்க இருக்கணும்ங்கறத பேசி முடிக்கலாம், அதுக்கு ஒரு பொருள் வேணும், அதான் இந்த பைண்டர்.

பைண்டர் எப்படின்னா, ரிங் கிடையாது, பேஜ் எல்லாம் நடுவுல தச்சே வந்துடுது, சுத்தி ஜிப். மொத்தம் 20 பேஜ், ஒவ்வொரு பேஜுக்கும் முன்னாடி 9 பாக்கெட், பின்னாடி 9 பாக்கெட், ஆக 360 கார்டு. ரிங் இல்லங்கறது சும்மா அழகுக்கு சொல்றதில்ல. வட்ட ரிங் வெச்ச பைண்டர மூடறப்ப உள்பக்க கார்டு மேல ரிங் அழுத்தி அர வட்டமா ஒரு பள்ளம் விழும், பாத்தா கண்ணுக்கே தெரியாது, வெளிச்சத்துல சாச்சு பாத்தா தெரியும், அவங்க எப்பவுமே வெளிச்சத்துல சாச்சுதான் பாப்பாங்க. அந்த பள்ளம் விழுந்த அன்னிக்கு வீட்டுல யாரும் சரியா பேசல.

பாக்கெட் சைடுலேர்ந்து சொருகற மாதிரி இருக்கு, அதாவது பைண்டர தலகீழா புடிச்சாலும் கார்டு கொட்டாது. இது அவங்கள விட நமக்குத்தான் முக்கியம், ஏன்னா பைண்டர ஒரு எடத்துலேர்ந்து இன்னொரு எடத்துக்கு மாத்தி வெக்கறது நம்ம வேலையாதான் இருக்கும். பேஜ் பாலிபுரோப்பிலீன்னு போட்டிருக்கான், பிவிசி இல்லன்னும் தெளிவா போட்டிருக்கான், இத கண்டிப்பா பாத்து வாங்குங்க. முன்னாடி வீட்டுல ஒரு பழைய ஆல்பம் இருந்துச்சு, தொட்டா மெத்து மெத்துன்னு இருக்கும், திறந்தா புது பிளாஸ்டிக் வாசனை குப்புன்னு அடிக்கும், நான் அத நல்ல குவாலிட்டின்னு நெனச்சுக்கிட்டிருந்தேன், ஆனா அந்த மென்மைக்காக பிவிசில கலக்கற ரசாயனம்தான் நாளாக நாளாக வெளிய கசிஞ்சு கார்டு மேல பிசுபிசுன்னு ஒட்டுமாம், பளபளப்பு கார்டா இருந்தா பேஜோடயே ஒட்டிக்கும். இந்த பைண்டர்ல வாசனையே இல்ல.

இப்ப எது உள்ள போகாதுன்னு சொல்லணும், ஏன்னா இங்கதான் நம்ம மேஜை பாதி போகுது.

பாக்கெட் இப்ப வர்ற சாதாரண கார்டு சைஸுக்கு தச்சது, இரண்டரை இஞ்சுக்கு மூன்றரை. பென்னி ஸ்லீவ்ங்கற மெல்லிசு பிளாஸ்டிக் உறை போட்ட கார்டு போகும், கொஞ்சம் இறுக்கமா போகும், மூலைய தள்ளாம ஸ்லீவ புடிச்சு தள்ளணும். டாப்லோடர் போகாது. கார்டோட தரத்துக்கு மார்க் போடற கிரேடிங் கம்பெனிக்கு அனுப்பி கெட்டி பிளாஸ்டிக்ல அடைச்சு வர்ற ஸ்லாப் போகவே போகாது. ஜெர்சி துணிய வெட்டி உள்ள வெச்ச தடி கார்டு போகாது, வம்பா சொருகுனா பாக்கெட் இழுபட்டு பக்கத்து கார்டு லூஸாயிடும். பழைய கார்டு சேக்குறவங்க வீட்டுல இன்னொரு சிக்கல், டாப்ஸ் கம்பெனி 1952லேர்ந்து 1956 வரைக்கும் போட்ட பேஸ்பால் கார்டெல்லாம் இப்ப இருக்கறத விட பெருசு, 1957லதான் இப்ப இருக்கற சைஸுக்கு வந்தாங்க, அதனால அந்த பழச இதுல நுழைக்க முடியாது, அதுக்கு 8 பாக்கெட் பேஜ் தனியா விக்குது. அதுக்கும் முந்தின சிகரெட் பாக்கெட் கார்டு, 1909லேர்ந்து 1911 வரைக்கும் வந்த டி206ன்னு சொல்வாங்களே, அது இதவிட ரொம்ப சின்னது, இந்த பாக்கெட்டுல போட்டா உள்ள ஆடிக்கிட்டே இருக்கும், மூலை போயிடும்.

டி206லயே ரொம்ப அரிதான, விலை எகிறிக் கெடக்கற ஹோனஸ் வேக்னர் கார்டு எங்க வீட்டுல இருக்கான்னு கேக்காதீங்க. இருந்தா நான் ஏன் பைண்டர் ரிவ்யூ எழுதிக்கிட்டு இருக்கேன்.

அவங்க கதை சொல்றப்ப நான் ரொம்ப நாளா காதுல வாங்குனதில்ல, பைண்டர் அடுக்கறப்பதான் உக்காந்து கேட்டேன். 1952 டாப்ஸ் செட்ல 407 கார்டு, அதுல 311வது நம்பர் மிக்கி மேண்டில்ங்கற பேஸ்பால் ஆட்டக்காரரோட கார்டு, அந்த வருஷ சீசன் முடியற நேரத்துல வந்த கடைசி பகுதி அது. விக்காம தங்கிப்போன சரக்க வெச்சுக்க எடம் இல்லாம 1960ல படகுல ஏத்தி கடல்ல கொண்டுபோய் கொட்டிட்டோம்னு அந்த செட்ட உருவாக்குன சை பெர்கரே சொல்லியிருக்காரு. அதே மேண்டில் கார்டு ஒண்ணு 2022ல ஏலத்துல 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு போச்சு. இத சொல்றப்ப அவங்க குரல் கம்மும், செத்தவங்கள பத்தி பேசற மாதிரி. எனக்கு என்ன தோணுச்சுன்னா, அந்த கம்பெனிக்காரனுக்கும் நமக்கும் பிரச்சனை ஒண்ணுதான், எடம் இல்ல, ஆனா நம்மகிட்ட படகு இல்ல. இத வாய் விட்டு சொல்லாதீங்க, அனுபவத்துல சொல்றேன்.

ஆனா இந்த கதைய பிடிச்சுக்கிட்டு எல்லா பழைய கார்டும் தங்கம்னு உங்க வீட்டு ஆள் சொன்னா ஒத்துக்காதீங்க. 80களோட கடைசிலேர்ந்து 90களோட ஆரம்பம் வரைக்கும் அளவு கணக்கில்லாம அடிச்சு தள்ளியிருக்காங்க, ஜங்க் வாக்ஸ் காலம்னு, அதாவது குப்பை சரக்கு காலம்னு அவங்களே கிண்டலா சொல்லிக்குவாங்க, எல்லாரும் மேண்டில் கதைய கேட்டுட்டு பத்திரப்படுத்துனதால எதுவுமே அரிதா ஆகல. 1989ல அப்பர் டெக் கம்பெனி போட்ட செட்ல முதல் கார்டே பேஸ்பால் ஆட்டக்காரர் கென் கிரிஃபி ஜூனியரோட ரூக்கி கார்டு, அதாவது புதுசா ஆட வந்தப்ப போட்ட கார்டு, ரொம்ப பேர் போனது, ஆனா அத யாரும் தூக்கிப் போடல, அதனால இன்னிக்கும் தாராளமா கிடைக்குது. கட்டிலுக்கு அடில இருக்கற நீள பெட்டில பாதி இந்த காலத்து சரக்கு. ஒவ்வொண்ணுக்கும் டாப்லோடர் போட்டா கார்ட விட பிளாஸ்டிக்கு விலை அதிகம், எடமும் பல மடங்கு. பைண்டருக்குள்ளயும் வேணாம், பெட்டியே போதும்.

இப்ப நான் எதிர்பாக்காத விஷயம். 360 பாக்கெட்தான்னு ஆனதும் எத உள்ள வெக்கறதுன்னு அவங்க முடிவு பண்ண வேண்டி வந்துச்சு, நான் நெனச்சேன் விலை அதிகமா இருக்கறது, பேரலல்னு சொல்ற, அதே கார்டோட மினுமினுக்கற வேற பதிப்பு எல்லாம் மொதல் பேஜ்ல வரும்னு. இல்ல. விலை போறத எல்லாம் டாப்லோடர்ல போட்டு தனியா ஒரு பெட்டில வெச்சுட்டாங்க, அத வெறும் ஸ்டாக்குன்னாங்க. மொதல் பேஜ்ல வந்தது தப்பு அச்சான கார்டுங்க. 1969 டாப்ஸ்ல அவுரேலியோ ரோட்ரிகஸ்னு பேர் போட்டு உள்ள இருக்கறது அவர் படமே இல்ல, டீமுக்கு பேட் எடுத்துக் குடுக்கற பையனோட படம், மூலையெல்லாம் தேஞ்சு நடுவுல மடிப்பு விழுந்த கார்டு, கிரேடிங்ல மூலை, ஓரம், மேற்பரப்பு, படம் நடுவுல உக்காந்திருக்கான்னு நாலும் பாப்பாங்களாம், இது நாலுலயும் தேறாது. பக்கத்துல 1957 ஹேங்க் ஆரன் கார்டு போட்டோ ஒண்ணு பிரிண்ட் எடுத்து வெச்சிருக்காங்க, நெகட்டிவ திருப்பிப் போட்டதுல வலது கை ஆட்டக்காரர் இடது கைல நிக்கறாரு, ஒரிஜினல் கிடைக்கற வரைக்கும் எடத்த புடிச்சு வெச்சிருக்காங்களாம். பஸ்ல துண்டு போடறது நம்ம ஆளுங்களுக்கு சொல்லியா குடுக்கணும்.

அந்த ஒரு பேஜுக்காக நான் இப்ப பைண்டர திறக்கறேன். பெட்டில இருந்தப்ப எனக்கு எல்லாமே ஒரே மாதிரி அட்டை, எத காட்டி என்ன சொன்னாலும் ம்ம்னு சொல்லிட்டு போயிடுவேன், அவங்களுக்கும் பெட்டிக்குள்ள கைய விட்டு ஒரு கார்ட தேடி எடுத்துக் காட்டறதுக்குள்ள பேச வந்த மூடு போயிடும். பைண்டர்ல பேஜ திருப்புனா போதும். வீட்டுக்கு யாராவது வந்தாலும் கைல குடுத்துடலாம், பாக்கெட்டுக்குள்ள இருக்கறதால கைய தொடச்சுட்டு வாங்கங்கற அவமானம் இல்ல. ஒரு கார்ட சொருகணும்னா இன்னொண்ண எடுக்கணும்ங்கறதால, எத எடுக்கறேன்னு எங்கிட்டயே கேக்கறாங்க சில சமயம், நான் சொல்றத கேக்கறதில்ல, அது வேற.

செலவுக்கு இது மருந்து இல்ல, அத நேரடியா சொல்லிடறேன். பைண்டர் வந்ததால வாங்கறது கொறையல, காலி பாக்கெட் தெரியறதால சில நாள் கூடவும் செய்யுது, செட்ல ஒரு நம்பர் விட்டுப்போச்சுன்னா அந்த ஓட்டை கண்ண உறுத்துமாம். மாசத்துக்கு இவ்ளோதான்னு ரெண்டு பேரும் தனியா பேசி வெச்சுக்கிட்டதுதான் எங்களுக்கு வேல செஞ்சது, வித்த காச வெச்சு எவ்ளோ வேணா வாங்கிக்கலாம், அதுக்கு நான் கேள்வி கேக்கறதில்ல. கடன் வாங்கி வாங்கற அளவுக்கு, பில்ல ஒளிச்சு வெக்கற அளவுக்கு போன வீடா இருந்தா பைண்டர் ரிவ்யூ படிச்சு பிரயோஜனம் இல்ல, உக்காந்து அந்த பேச்ச மொதல்ல பேசுங்க.

குறைன்னு பாத்தா, ஜிப் ஆரம்பத்துல முரட்டுத்தனமா இருக்கு, மூலைல திரும்பற எடத்துல மாட்டுது, இழுக்கறப்ப மேல் பேஜோட ஓரத்த உள்ள வாங்கிடுது, ஒரு கையால பேஜ உள்ள தள்ளிக்கிட்டே மூடணும். 360ஐயும் ஸ்லீவோட நெரப்புனா பைண்டர் வயிறு புடைச்சுக்குது, அப்ப ஒண்ணு மேல ஒண்ணா அடுக்காதீங்க, அடில இருக்கறதுக்கு அழுத்தம், ஷெல்ஃப்ல ரெண்டு பக்கமும் முட்டுக் குடுத்து நிக்க வெச்சா தேவலை. ஈரம் ஏறற சுவர் பக்கம் வேணாம், கார்டு வளஞ்சுக்கும். ஒரே பாக்கெட்டுல டூப்ளிகேட்டயும் சேத்து சொருகலாமேன்னு நான் ஐடியா குடுத்தேன், பார்வையாலயே பதில் வந்துச்சு, ஆனா பாக்கெட் தாங்கும், நான் செக் பண்ணிட்டேன்.

மேஜைக்கு வர்றேன். டீம் வாரி கட்டெல்லாம் போச்சு, ஃபேன் ஓடுது, நாலு பேர் உக்காந்து சாப்பிடலாம். ஸ்லாப்பும் தடி கார்டும் இன்னும் ஒரு ஓரத்துல நிக்குது, அதுக்கு தனி பெட்டி பாத்துக்கிட்டிருக்கோம். 5க்கு 4 ஸ்டார். ஒண்ண கொறச்சது ஜிப்புக்காக இல்ல, முதுகுல பேர் எழுத ஒரு எடம் கூட வெக்கல, இப்ப ரெண்டாவது பைண்டரும் அதே கறுப்புல வந்து நிக்குது, எது எதுன்னு தெரியாம நான் தப்ப எடுத்துக் குடுத்தா திட்டு எனக்குத்தான். வாங்கறவங்க ரெண்டு கலர்ல வாங்குங்க.