மைண்ட்ஸ்பாட் வெல்பீயிங் கோர்ஸ்: கடைசிப் பாடம் வரை என்னைக் கூட்டிப்போனது எது?

சிட்னியில் தெரிந்தவர்கள் யாராவது காரணம் புரியாத படபடப்பு, ராத்திரித் தூக்கம் போச்சு, எதிலும் மனசு ஒட்டவில்லை என்று சொன்னால் நான் முதலில் சொல்வது மைண்ட்ஸ்பாட்டைத்தான். மக்குவாரி பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த ஆன்லைன் மனநலச் சேவை இது. ஆஸ்திரேலிய அரசின் நிதியில் 2012 கடைசியிலிருந்து நடக்கிறது. காசு கிடையாது. நான் முடித்தது அவர்களுடைய வெல்பீயிங் கோர்ஸ். மொத்தம் ஐந்து பாடம், எட்டு வாரம்.

எனக்கு வந்தது ரயில் பயம். வெஸ்ட்மீடில் ஏறி சென்ட்ரலில் இறங்க வேண்டும். வேக வண்டி ஸ்ட்ராத்ஃபீல்டை விட்டால் ரெட்ஃபெர்ன் வரை நிற்காது. கதவு மூடினதுமே நெஞ்சு அடித்துக்கொள்ளும், உள்ளங்கை நனைந்துவிடும், இப்போதே இறங்கியாக வேண்டும் என்று உடம்பெல்லாம் பதறும். இதயத்தில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சோதித்துச் சொல்லிவிட்டார்.

இதற்கு முன்னால் போனில் வேறொரு ஆப் வைத்திருந்தேன். தினமும் திறந்தால் ஒரு பதக்கம் தரும், விடாமல் எத்தனை நாள் வந்தோம் என்று எண்ணிக்கொண்டே வரும். ஒரு நாள் விட்டால் கணக்கு பூஜ்யத்துக்குப் போய்விடும். அந்தப் பூஜ்யத்தைப் பார்க்கவே பிடிக்காமல் அதைத் திறப்பதே நின்றுபோனது. பலருக்கும் இதுதான் நடக்கிறது. 93 மனநல ஆப்களை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்த ஓர் ஆய்வு 2019-இல் வந்தது. ஒரு ஆப்பை இறக்கிக்கொண்டவர்களில் 30ஆம் நாளும் அதைத் திறந்து பார்ப்பவர்கள், இடைநிலைக் கணக்கில், 3.3 சதவீதம்தான். இதில் மக்களைக் குறை சொல்வதை நான் ஏற்க மாட்டேன். எதையும் தொடங்க முடியாமல் போவதுதானே மனச்சோர்வின் முதல் அடையாளம்? அப்படிப்பட்டவரிடம் ‘தினமும் நீங்களே வந்து செய்யுங்கள்’ என்று சொல்லிவிட்டு ஒதுங்குவது எப்படிச் சரியாகும்?

மைண்ட்ஸ்பாட்டில் முதலில் மதிப்பீடு. இணையத்திலோ போனிலோ கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். அப்புறம் பாடங்கள், எல்லாம் சிபிடி வழிதான், அதாவது எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றிப் பழகும் சிகிச்சை முறை. எண்ணம், உடம்பு, செயல் மூன்றும் ஒன்றையொன்று எப்படிக் கிளப்பிவிடுகின்றன என்பது முதல் பாடம். அடுத்து எண்ணங்களைச் சோதிப்பது, மூச்சுப் பயிற்சி, பயந்து ஒதுக்கியதைப் படிப்படியாக நெருங்குவது, கடைசியில் திரும்ப வராமல் பார்த்துக்கொள்வது. படபடப்பும் மனச்சோர்வும் வந்து மீண்டவர்களின் கதைகளும் கூடவே உண்டு. அவற்றை இன்னும் கொஞ்சம் சுருக்கியிருக்கலாம்.

என்னைப் பிடித்து நிறுத்தியது வாராவாரம் வந்த தெரபிஸ்டின் போன். பத்துப் பதினைந்து நிமிடம்தான் பேசுவார். ஆனால் நான் எழுதி வைத்ததைப் படித்துவிட்டு வருவார். நாலாவது பாடத்துக்கு நான் போட்ட ஏணி இது: முதல் படி வெஸ்ட்மீடிலிருந்து பரமட்டா, ஒரே ஸ்டேஷன். அடுத்தது ஹாரிஸ் பார்க், அப்புறம் கிரான்வில், உச்சியில் அந்த நிற்காத வேக வண்டி. “ஹாரிஸ் பார்க் வரை போனீர்களே, வண்டியில் எங்கே உட்கார்ந்தீர்கள்?” என்று கேட்டார். கதவோரம் என்றேன். “கையில் ஏதாவது வைத்திருந்தீர்களா?” தண்ணீர் பாட்டில். “அடுத்த தடவை பாட்டிலை வீட்டில் வைத்துவிட்டு, மாடிப் பெட்டியில் நடுவில் உட்காருங்கள். படபடப்பு ஏறும், ஏறட்டும். அது தானாக இறங்குகிறதா என்று மட்டும் பாருங்கள்” என்றார். பாட்டிலும் கதவோரமும் என்னைக் காப்பாற்றுவதாக நம்பிக்கொண்டிருக்கும் வரை பயம் என்னை விடப்போவதில்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது. எந்த ஆப்பும் என்னிடம் அந்தப் பாட்டிலைப் பற்றிக் கேட்டதில்லை.

யாராவது போன் செய்தாலே போதும் என்று சொல்லவும் முடியாது. 2015-இல் பிரிட்டனில் ஒரு பெரிய சோதனை வெளிவந்தது. குடும்ப டாக்டர்களிடம் மனச்சோர்வோடு வந்த 691 பேரில் ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும், மற்றவர்களுக்கு அதோடு கணினி வழிப் பாடங்களும் கொடுத்துப் பார்த்தார்கள். பாடங்களால் கூடுதல் பலன் தெரியவில்லை. பாதிப் பேருக்கு மேல் ஒன்றிரண்டு பாடத்தோடு நின்றுவிட்டார்கள். போனில் உதவி இருந்தது, ஆனால் அது பெரும்பாலும் தொழில்நுட்ப உதவி. என் ஏணியைப் படித்துவிட்டுப் பேசும் ஆளின் அருமை இதைப் படித்தபோது இன்னும் தெரிந்தது.

நடுவில் சில வாரம் சோர்ந்துபோனேன். அப்போது வந்த தானியங்கி மின்னஞ்சலில் பதக்கம் எதுவும் இல்லை. இந்தக் கட்டத்தில் பலருக்கும் கடினமாக இருக்கும், விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று இருந்தது. இதே மக்குவாரி ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட சோதனையிலும் இப்படி மின்னஞ்சல் பெற்றவர்கள்தான் அதிகம் பேர் பாடங்களை முடித்திருக்கிறார்கள். வாராவாரம் நிரப்பும் கேள்வித்தாளும் உதவியது. ஜிஏடி-7 என்ற படபடப்புக் கேள்விகளில் 15-ம் அதற்கு மேலும் கடுமை என்று அர்த்தம். நான் 16-இல் தொடங்கி 6-க்கு வந்தேன்.

எனக்கு இருக்கும் பெரிய ஆதங்கம் மொழி. நான் படித்தது ஆங்கிலத்தில். அத்தைக்கும் தூக்கம் வருவதில்லை, மனசு அடைத்த மாதிரி இருக்கிறது என்கிறார். தமிழில் இதே பாடமும், தமிழில் பேசும் தெரபிஸ்டும் கிடைத்தால் அவரை நாளைக்கே உட்கார வைப்பேன். இந்தியாவில் இருப்பவர்களுக்கு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநலச் சேவை இருக்கிறது. 14416-க்கு அழைத்தால் தமிழிலும் பேசலாம், கட்டணமில்லை.

மைண்ட்ஸ்பாட்டில் சேர டாக்டர் கடிதம் தேவையில்லை, இணையத்தில் நேரடியாகப் பதியலாம். அழைப்புக்கு வேலை இடைவேளை நேரத்தைக் கொடுக்காதீர்கள், கதவைச் சாத்திக்கொண்டு பேச முடிகிற நேரமாகக் கேளுங்கள். இது அவசர உதவிச் சேவை இல்லை. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் ஆஸ்திரேலியாவில் இருப்பவர்கள் உடனே லைஃப்லைன் என்ற நெருக்கடி உதவி எண் 13 11 14-க்கு அழையுங்கள், ஆபத்து நெருங்கிவிட்டால் அவசர எண் 000.