குதிரை லாயமா, உடற்பயிற்சிக் குழுவா?

ஒஸ்லோவில் போதைச் சிகிச்சைக்குச் சேர்ந்த என் தம்பிக்கு, மருந்துக்கும் உளவளத்துணைக்கும் துணையாக இரண்டு தெரிவுகள் இருந்தன: உடற்பயிற்சிக் குழு அல்லது குதிரைகளோடு பழகும் சிகிச்சை நடக்கும் லாயம். நாங்கள் லாயத்தையே எடுத்தோம்.

உடற்பயிற்சியின் நன்மைகளை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. செலவு குறைவு, உறக்கம் சீராகும், வீடு திரும்பிய பின்னும் தொடரலாம். லாயத்தில் இந்தக் கடைசி வசதி கிடையாது. ஏறத்தாழ 500 கிலோ எடையுள்ள விலங்கை ஆண்டு முழுவதும் வைத்துப் பராமரிப்பது எளிதல்ல. குதிரை உரோமம் ஒவ்வாதவர்கள் அந்தப் பக்கமே போக முடியாது.

இருந்தும் எங்களுக்கு முக்கியமாகப் பட்டது ஒன்றுதான்: சிகிச்சை முடியும்வரை அவனை நிற்கச் செய்வது எது? பாதியில் விலகுவோரே இத்துறையின் தீராத தலைவலி. ஒஸ்லோ பல்கலைக்கழக மருத்துவமனையின் இளையோர் பிரிவில் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், குதிரைகளோடு பழகியவர்களில் ஏறத்தாழ 57 வீதமானோர் சிகிச்சையை நிறைவு செய்தார்கள். மற்றவர்களில் 14 வீதமானோரே. எனினும் லாயத்துக்குப் போனவர்கள் விரும்பிப் போனவர்கள் என்பதால், இந்த இடைவெளி முழுவதையும் குதிரையின் கணக்கில் எழுதிவிட முடியாது. நோர்வேயிலேயே நோயாளிகளை எழுந்தமானமாக இரு குழுக்களாகப் பிரித்து நடத்தி 2020இல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சையில் நிலைத்திருப்பதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. ஆகவே, விருப்பமில்லாதவரை லாயத்துக்கு இழுத்துச் செல்வதில் பயனிருக்காது என்றே நினைக்கிறேன். என் தம்பி விரும்பினான்.

அங்கே சவாரி சிறு பகுதிதான். பெரும்பாலான நேரம் உரோமம் வாருவதிலும் சாணம் அள்ளுவதிலும் குளம்பு துப்புரவாக்குவதிலும் போகும். குளம்பைத் தூக்கக் குதிரையின் காலில் கையை மெல்ல இறக்க வேண்டும். பதற்றத்தோடு அவசரப்படுத்தினால் அது காதுகளைப் பின்னுக்கு மடித்துக் காலை இழுத்துக்கொள்ளும். அந்தக் கணத்திலேயே உளவளத்துணையாளர், "இப்போது உங்கள் தோள்கள் எப்படி இருக்கின்றன?" என்று கேட்பார். அறைக்குள் அமர்ந்து கேட்டால் தோளைக் குலுக்கிவிட்டுப் போகிறவன், அங்கே பதில் சொன்னான். உடற்பயிற்சிக் கூடத்துக்கு ஒருநாள் போகாவிட்டால் எந்தக் கருவியும் அதைப் பொருட்படுத்தாது. லாயத்திலோ தீனிக்காக ஓர் உயிர் காத்திருக்கும்.

நான் கண்டது இருபது வயதுகளில் இருப்பவர்களைத்தான்; பல ஆண்டுகள் குடித்த நடுவயதினருக்கும் இதுவே பொருந்தும் என்று சொல்லத் துணியமாட்டேன். லாயத்தைத் தெரிவு செய்வோர், குதிரைப் பயிற்றுநரோடு தகுதிபெற்ற உளவளத்துணையாளரும் உடனிருப்பாரா என்று முதலில் கேட்டறிய வேண்டும். அவர் இல்லையென்றால் அது வெறும் குதிரைப் பயிற்சி வகுப்பு. அதற்கு உடற்பயிற்சிக் குழுவே மேல்.