டெலி மானஸ் 14416: ஜவ்வாது மலையிலிருந்து ஒரு மதிப்பீடு

பட்டன் போன் போதும், காசு வேண்டாம், நள்ளிரவிலும் ஆள் எடுத்துப் பேசுவார். டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையில் எனக்கு முதலில் பிடித்தவை இவைதான். நான் ஜவ்வாது மலையில் ஒரு துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியராக இருக்கிறேன். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர்; கேரளத்து மலையாளிகள் அல்ல, தமிழ் பேசும் மலைவாழ் மக்கள். அவர்களை அருகில் அமர்த்தி இந்த எண்ணுக்குப் பேச வைத்திருக்கிறேன், எனக்காகவும் பேசியிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று ஒன்றிய அரசு தொடங்கிய சேவை இது. பெங்களூருவில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் இதற்குத் தலைமை நிறுவனம். தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் இதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 20 மொழிகளில் பேசலாம். தமிழைத் தேர்ந்தெடுத்ததும் ஆலோசகர் ஒருவர் வருகிறார். கூடுதல் கவனிப்பு தேவை என்று அவருக்குப் பட்டால், அழைத்தவரை மனநல மருத்துவருக்கோ, மாவட்ட மனநலத் திட்டத்துக்கோ அனுப்புகிறார்.

ஆலோசகர்களின் பேச்சைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பிரசவம் முடிந்த ஒரு பெண், தூக்கமில்லாமல், குழந்தையைத் தூக்கவே பிடிக்காமல் இருந்தாள். எங்கள் பக்கத்தில் யாரும் "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. தலை பாரம், நெஞ்சு படபடப்பு, கை கால் எரிச்சல் என்றுதான் வருவார்கள். வீட்டில் காற்று பட்டிருக்கிறது என்று ஏற்கனவே பூசாரியிடம் போய் வந்திருப்பார்கள். இவளும் தலைவலி என்றுதான் வந்தாள். போனில் வந்த ஆலோசகர் நோயின் பெயர் எதையும் எடுக்கவில்லை. "இன்று ஏதாவது சாப்பிட்டீர்களா? குழந்தை இப்போது யாரிடம் இருக்கிறது?" என்று தொடங்கினார். அவள் பூசாரியைப் பற்றிச் சொன்னபோது கடிந்துகொள்ளவும் இல்லை. பிறகு, சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேட்டார். அந்தக் கேள்விக்குத் தயங்கும் மருத்துவப் பணியாளர்கள் நிறையப் பேர் உண்டு. கேட்டால் எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்ற பயம் தவறானது. கேட்டதால்தான் அவள் வாய் திறந்தாள். இரவில் துணைக்கு யார் படுப்பது என்பதுவரை பேசி முடித்த பிறகே, அவளுடைய சம்மதத்தோடு என்னிடம் போனைத் தரச் சொன்னார்.

ஒரு தனியார் செயலியையும் முயன்று பார்த்தேன். பெயர் வேண்டாம். மின்னஞ்சல் முகவரி கேட்டது, வங்கி அட்டை கேட்டது, வீடியோ இல்லாமல் நகரவே மறுத்தது. மலையில் குரல் அழைப்பே சில நாள் பாதியில் அறுந்துபோகும். அந்தச் செயலி எங்களைப் போன்றவர்களை நினைத்துச் செய்யப்பட்டதல்ல.

இனி நான் மிகவும் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். எண் இருக்கிறது, ஆலோசகர் இருக்கிறார். பேசுகிறவர் எங்கே உட்கார்ந்து பேசுவது? எங்கள் ஊர்கள் பலவற்றில் டவர் கிடைக்கும் இடம் ஏதோ ஒரு பாறை மேடு. கேரளத்துக்கு வேலைக்குப் போன கணவனோடு பேசும் பெண்களும், விளையாட்டு பார்க்கும் பையன்களும், மாமியாரும் கொழுந்தனும் எல்லோரும் கூடுகிற இடம் அது. அங்கே நின்று ஒரு ஆண் அழ முடியுமா? கணவன் அடிப்பதை ஒரு பெண் சொல்ல முடியுமா? வீட்டுக்குள் போனால் ஒரே அறை, அதிலும் சிக்னல் இருக்காது. மனநல சேவையை மலைகளுக்கு விரிவாக்குகிறோம் என்று பேசும் கூட்டங்களில் ஆலோசகர் எண்ணிக்கையும் செயலியின் பதிவிறக்கமும்தான் அடிபடுகின்றன. தாழ்ப்பாள் உள்ள ஒரு அறையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 2017 ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் ரகசியம் காக்கப்படுவதை நோயாளியின் உரிமை என்கிறது. பாறை மேட்டில் அந்த உரிமை எப்படி நிற்கும்?

நான் செய்தது சிறிய காரியம். சிக்னல் எட்டுகிற எங்கள் பின்னறையில் தடுப்பூசிப் பெட்டிகளை ஓரம் ஒதுக்கி ஒரு நாற்காலி போட்டேன். "நர்ஸம்மாவிடம் ரத்த அழுத்தம் பார்த்து வருகிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தால் யாரும் எதுவும் கேட்பதில்லை. அந்த மறைப்புதான் அவர்களுக்குத் தேவைப்பட்டது. ஒவ்வொரு துணை சுகாதார நிலையத்திலும் இப்படி ஓர் அறையும், நம்பகமான இணைப்பும், போனை எடுத்துக் கொடுக்க ஒரு ஆளும் இருந்தால் இந்தச் சேவையின் பயன் பல மடங்கு கூடிவிடும்.

அடுத்தது மருந்து. 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதலின்படி, முதல்முறை பார்க்கும் நோயாளிக்குச் சில வகை மருந்துகளை வீடியோவில் பார்த்த பிறகே எழுத முடியும். விதி நியாயமானது. ஆனால் வீடியோ ஓடாத ஊரில் அதன் பொருள், திருவண்ணாமலைக்கு பஸ் ஏறுவதும் ஒரு நாள் கூலியை இழப்பதும். இதற்கு வழி இல்லாமல் இல்லை. சென்னையின் ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு நிறுவனம் 2010 இலேயே புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்கு ஒரு பஸ்ஸை அனுப்பியது. பஸ்ஸுக்குள்ளேயே திரையில் மருத்துவர், பக்கத்திலேயே மருந்தகம். பார்த்த கையோடு மாத்திரை கிடைத்தது. மலைக்கு அப்படி ஒரு வண்டி வரட்டும். 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டுக்கே மாத்திரை தருகிறார்கள். தொடர்ந்து சாப்பிட வேண்டிய மனநல மாத்திரையும் அந்தப் பையில் தவறாமல் இருக்க வேண்டும்.

எங்கள் மக்கள் தமிழ் பேசுவதால் தமிழ் ஆலோசகர் போதுமானவராக இருக்கிறார். நீலகிரியின் பணியருக்கும் காட்டுநாயக்கருக்கும் அந்த வசதி இல்லை. அவர்களுடைய மொழிகள் அந்த 20 இல் இடம்பெறவில்லை. அந்தச் சமூகங்களில் படித்த இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுத்து ஆலோசகர் நாற்காலியில் அமர்த்த வேண்டும். துக்கத்தை இரண்டாம் மொழியில் சொல்லச் சொல்வது கொடுமை.

2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி ஆந்திரக் காவல்துறை சுட்டுக் கொன்ற 20 பேரில் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள். அந்த வீடுகளின் பெண்கள் அழைக்க அன்று டெலி மானஸ் இருக்கவில்லை. அதனால்தான் குறைகளை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன். இந்தச் சேவை நின்றுவிடக் கூடாது, இது இங்கே வேரூன்ற வேண்டும்.

மலை, தீவு, காட்டோரக் கிராமம் என்று எங்கே இருந்தாலும் தாராளமாக அழையுங்கள். 14416 கிடைக்காவிட்டால் 1800 891 4416. அழைப்பதற்கு முன் போனில் சார்ஜ் இருக்கிறதா என்று பாருங்கள், பேச்சு நீளும். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 108ஐ முதலில் அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் மலையேறி வரும்வரை அந்த ஆளைத் தனியே விடாதீர்கள்.