தக்கலையில் ஒரு சலூன்: குழந்தையின் முடியும் பெற்றோரின் முகமும்

தக்கலையில் குழந்தைகளுக்கு முடி வெட்ட நல்ல இடம் எது என்று கேட்பவர்களுக்கு, பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகும் வழியில் உள்ள ஒரு குடும்ப சலூனைத் தயங்காமல் சொல்வேன். வேலை சுத்தம், விலை நியாயம். கடையின் பெயரை எழுதவில்லை. அங்கே நான் கண்ட சிலவற்றையும் இதில் சொல்லப் போகிறேன், அதில் வரும் பெற்றோரும் தொழிலாளர்களும் அடையாளம் காணப்படுவதை நான் விரும்பவில்லை.

முதலில் வேலையைப் பற்றி. சிறுவர்களுக்கு 100 ரூபாய், பெரியவர்களுக்கு 150. நாற்காலியின் இரு கைப்பிடிகள் மேல் பலகை போட்டு, அதன்மேல் மெத்தை விரித்துக் குழந்தையை உட்கார வைக்கிறார்கள். கழுத்தைச் சுற்றி முதலில் மெல்லிய காகிதப் பட்டை, அதற்கு மேல் துணி. ஒருவருக்குப் போர்த்திய துணியின் வியர்வை அடுத்தவர் கழுத்தில் படுவதில்லை. பிளேடை நம் கண்முன்னே உடைத்து மாற்றுகிறார்கள். இதெல்லாம் நல்ல கடைகள் பலவற்றிலும் உண்டு. இந்தக் கடையின் சிறப்பு, மிசோரத்தைச் சேர்ந்த ஓர் இளைஞர் குழந்தைகளைக் கையாளும் விதம். மிஷினை நேராகத் தலையில் வைக்க மாட்டார். முதலில் தன் மணிக்கட்டில் ஓட்டிக் காட்டுவார். பிறகு அதன் பின்புறத்தைக் குழந்தையின் உள்ளங்கையில் வைத்து அந்த அதிர்வைப் பழக்குவார். காதோரத்துக்கு மிஷினே கிடையாது, கத்தரிக்கோல்தான். அதையும் காதைத் தன் விரலால் மூடிக்கொண்டுதான் வெட்டுவார். யு.கே.ஜி. படிக்கும் என் பேரன் மற்ற கடைகளில் அலறி அழுதவன், இவரிடம் கண்ணை மூடிக்கொண்டு தூங்கும் அளவுக்கு அமைதியாக இருக்கிறான்.

ஆசிரியர் பயிற்சி மாணவியருக்குக் குழந்தை உளவியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். அதனாலோ என்னவோ, காத்திருக்கும் நேரத்தில் என் கண் கத்தரிக்கோலைவிடக் கண்ணாடியையே அதிகம் பார்க்கிறது. சலூன் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்குத் தன் முகம் தெரிகிறது. முடி வெட்டுபவரின் முகம் தெரிகிறது. பின்னால் நாற்காலி வரிசையில் உட்கார்ந்திருக்கும் அம்மா அப்பாவின் முகமும் தெரிகிறது. பெற்றோருக்கு இது நினைவில் இருப்பதில்லை. குழந்தை முதுகைக் காட்டிக்கொண்டுதானே இருக்கிறது என்று தங்கள் முகத்தைக் காவலில்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

ஒரு சனிக்கிழமை மாலை, நான்கு வயது இருக்கும், ஒரு சிறுமி வந்தாள். மிசோரம் இளைஞர் பலகையைப் போட்டதும் தானே ஏறிக்கொண்டாள். மிஷினை உள்ளங்கையில் வைத்தபோது கலகலவென்று சிரித்தாள். பின்புறம் வெட்டுவதற்காக அவர் அவளுடைய தாடையைப் பிடித்து மெல்லக் குனிய வைத்தார். பின்னால் இருந்த தாயின் முகம் சட்டென்று இறுகியது. கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டார். சிறிது நேரம் கழித்து எழுந்து வந்து, அவருடைய விரல் பட்ட இடத்தைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுப் போனார். முடி எதுவும் அங்கே ஒட்டியிருக்கவில்லை. குழந்தை கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தாள், அந்த இளைஞரைப் பார்த்தாள், மறுபடி அம்மாவைப் பார்த்தாள். அதன் பிறகு அவர் கை அருகில் வந்தபோதெல்லாம் கழுத்தைச் சுருக்கிக்கொண்டாள். சிரிப்பு போய்விட்டது. அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டில் கேட்டால், "நாங்கள் பிள்ளைக்கு அப்படி எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை" என்று அவர் உறுதியாகச் சொல்வார். பொய்யும் சொல்ல மாட்டார்.

இதைத்தான் இத்தாலியில் கஸ்தெல்லி என்ற உளவியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் சோதித்துப் பார்த்து 2008-இல் வெளியிட்டார்கள். பள்ளி செல்லும் வயதை எட்டாத வெள்ளைக் குழந்தைகளுக்கு, ஒரு வெள்ளையரும் ஒரு கறுப்பரும் சந்திக்கும் காட்சியைப் போட்டுக் காட்டினார்கள். சில காட்சிகளில் வெள்ளையரின் பேச்சு அன்பாக இருக்கும், உடல் மட்டும் விலகி நிற்கும். குழந்தைகள் எதை எடுத்துக்கொண்டார்கள் தெரியுமா? பேச்சை அல்ல, உடலை. வெள்ளையர் விலகி இருந்த காட்சியைப் பார்த்த குழந்தைகளுக்கு அந்தக் கறுப்பரைப் பிடிக்காமல் போனது. அவரோடு நிற்காமல் வேறு கறுப்பர்கள் மீதும் அது படர்ந்தது. அடுத்த ஆண்டு கஸ்தெல்லி வேறு சிலரோடு சேர்ந்து வெளியிட்ட இன்னோர் ஆய்வில், தாய் தன் வாயால் சொல்லும் கருத்தைவிட, அவருக்கே தெரியாமல் மனத்தில் கிடக்கும் சாய்வுதான் குழந்தையின் விருப்பு வெறுப்போடு பொருந்தி வந்தது.

2017-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஸ்கின்னர், மெல்ட்சாஃப், ஓல்சன் ஆகியோர் செய்ததையும் சொல்ல வேண்டும். நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு காணொளி. அதில் வருபவர்கள் ஒரு பெண்ணிடம் சிரித்து முன்னால் சாய்ந்து பேசுகிறார்கள். இன்னொரு பெண்ணிடமும் அதே சொற்கள்தான், ஆனால் முகத்தைச் சுளித்துப் பின்வாங்குகிறார்கள். பார்த்து முடித்த பிள்ளைகளில் பெரும்பாலோர் முதல் பெண்ணையே விரும்பினார்கள். அந்தப் பெண்ணின் தோழி என்று அதே நிறச் சட்டை போட்ட வேறொருத்தியைக் காட்டினாலும் விருப்பம் அவள் பக்கமே சாய்ந்தது. சட்டையின் நிறத்துக்கே இப்படியென்றால், கண்ணின் அமைப்புக்கும் மூக்கின் வடிவத்துக்கும் தோலின் நிறத்துக்கும் என்ன ஆகும்? அந்தச் சிறுமி இனி வடகிழக்கு முகம் கொண்ட யாரைப் பார்த்தாலும், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தாலும், அவள் கழுத்து தானாகச் சுருங்கலாம். ஏன் என்று அவளுக்கே தெரியாது.

எனக்கு இதில் கோபம் இருக்கிறது, மறைக்கவில்லை. தெருவுக்கு ஒரு வீட்டிலாவது வளைகுடா நாட்டில் வேலை பார்க்கும் பிள்ளை இருக்கும் மாவட்டம் இது. அங்கே நம் பிள்ளைகளின் முகத்தையும் நிறத்தையும் பார்த்து யாராவது ஒதுங்கினால் நம் வயிறு எரியும். அப்படியிருக்க, பல நாள் ரயில் பயணம் செய்து இங்கே வந்து, நம் குழந்தையின் காதைத் தன் விரலால் மூடிப் பாதுகாத்து முடி வெட்டுபவரின் விரல் பட்ட இடத்தைக் கைக்குட்டையால் துடைப்பதற்கு எப்படி மனம் வருகிறது?

காத்திருந்தவர்களில் ஒருவர், தன் மகனின் காதருகே குனிந்து, "சைனாக்காரன் மாதிரி இருக்கிறான் பார்" என்றார். மகன் அதை உரக்கத் திருப்பிச் சொன்னான். இளைஞருக்குத் தமிழ் நன்றாகப் புரியும். கத்தரிக்கோல் ஒரு கணம் நின்று மறுபடி ஓடியது. பிறகு நான் கேட்டபோது, 2020-இல் வேறொரு ஊரில் வேலை செய்த காலத்தில் தன்னை நோய்க் கிருமியின் பெயராலேயே கூப்பிட்டார்கள் என்று சொன்னார். அந்த ஆண்டு மார்ச்சில் வடகிழக்கு மாநிலத்தவரைத் துன்புறுத்துவதைத் தடுக்கும்படி மத்திய உள்துறை அமைச்சகமே மாநிலங்களுக்கு எழுத வேண்டியிருந்தது. அதற்கு முன், 2014-இல் அருணாசலப் பிரதேச மாணவர் நிடோ தானியா டெல்லியில் தாக்கப்பட்டு இறந்த பிறகு, வடகிழக்கு மக்களின் பிரச்சினைகளை ஆராயப் பெஸ்பருவா குழு அமைக்கப்பட்டது. குழுக்களும் கடிதங்களும் தேவைதான். நம் வீட்டுச் சாப்பாட்டு நேரத்தை அவை எட்டுவதில்லை. "சோறு சாப்பிடாவிட்டால் இந்திக்காரனிடம் பிடித்துக் கொடுத்துவிடுவேன்" என்று அதட்டும் வீடுகள் எனக்குத் தெரியும். முன்பு பூச்சாண்டி நின்ற இடத்தில் இப்போது கட்டட வேலைக்கும் ரப்பர் தோட்டத்துக்கும் வந்த மனிதனை நிறுத்துகிறோம். 2018-இல் வடநாட்டுப் பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தியால் இதே தமிழ்நாட்டில் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். திருவண்ணாமலை மாவட்டத்தில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு மூதாட்டியும் அவர்களில் ஒருவர். சோற்று உருண்டையோடு ஊட்டிய பயம் எங்கே போய் நிற்கும் என்பதை அப்போதே பார்த்துவிட்டோம்.

"அங்கே படிப்பு இல்லை, அதனால்தான் இங்கே வருகிறார்கள்" என்று ஒரு பெரியவர் எனக்கு விளக்கினார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நம் குமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 விழுக்காடு, தமிழ்நாட்டிலேயே முதலிடம். அதே கணக்கெடுப்பில் மிசோரம் 91.33. நாம் மார்தட்டிக்கொள்ளும் எண்ணும் அவர்கள் எண்ணும் ஏறக்குறைய ஒன்று. இங்கே மயிலாடியில் மிஷனரி ரிங்கல்தௌபே பள்ளி தொடங்கியதைப் போல அங்கேயும் 1894-இல் வந்த மிஷனரிகள் எழுத்து வடிவம் அமைத்துப் பள்ளி நடத்தினார்கள். பெரியவர் நம்பினாரா என்று தெரியவில்லை, ஆனால் பக்கத்தில் இருந்த அவர் பேத்தி ஆறாம் வகுப்பு, காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். நான் பேசியது பெரும்பாலும் அவளுக்காகத்தான்.

இது வடகிழக்கு முகத்தோடு புதிதாக வந்த நோயில்லை. என் சிறுவயதில் பாட்டி வீட்டுப் புறவாசலில் வேலையாட்களுக்கென்று சிரட்டைகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். யாருக்கு டம்ளர், யாருக்குச் சிரட்டை என்று ஒருவரும் எனக்குப் பாடம் நடத்தியதில்லை. பாட்டியின் கை எந்தப் பக்கம் நீளுகிறது என்று பார்த்தே எல்லாப் பேரப்பிள்ளைகளும் கற்றுக்கொண்டோம். இத்தனைக்கும் பாட்டியின் முன்னோர், மார்பை மறைக்கும் உரிமைக்காக அடிபட்டு, 1859-இல் திருவிதாங்கூர் அரசின் அறிவிப்பு வரும்வரை போராடியவர்கள். அவமானத்தை அனுபவித்த வீடு அடுத்தவரை அவமானப்படுத்தாது என்று நினைப்பது தவறு. அனுபவத்தைப் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள், கையை மாற்றவில்லை.

பேசாமல் விட்டால் பிள்ளைகள் நிறம் பார்க்காமல் வளர்வார்கள் என்று நம்பும் நல்ல பெற்றோரும் உண்டு. அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. 1940-களில் அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதி, மூன்று முதல் ஏழு வயதுக் கறுப்புக் குழந்தைகளிடம் வெள்ளைப் பொம்மையையும் கறுப்புப் பொம்மையையும் கொடுத்து எது நல்லது என்று கேட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். 1954-இல் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது கிளார்க்கின் ஆய்வும் மேற்கோள் காட்டப்பட்டது. பெரியவர்கள் வாய் திறக்காத இடத்தைக் குழந்தைக்காகச் சுவரும் தெருவும் நிரப்பிவிடுகின்றன.

சுவர் என்றதும் இந்தக் கடையின் பெரிய குறைக்கு வருகிறேன். குழந்தைகள் உட்காரும் நாற்காலிக்கு நேர் மேலே, வெளுத்த தோலும் பொன்னிற முடியும் கொண்ட வெளிநாட்டுச் சிறுவர்களின் படங்கள். பக்கத்திலேயே "ஒரே வாரத்தில் சிவப்பழகு" என்று பிளீச் பேக்கேஜ் விளம்பரம். நம் கடற்கரைக் கிராமத்துக் கறுத்த பிள்ளை ஒன்று அந்தப் படங்களுக்குக் கீழே உட்கார்ந்து தன்னைக் கண்ணாடியில் பார்க்கிறது. உரிமையாளரிடம் சொன்னேன். படங்கள் சாமான் விற்கும் கம்பெனி கொடுத்தவை என்றார். நம் ஊர்ப் பிள்ளைகளையே, வெட்டி முடித்ததும் பெற்றோரின் அனுமதியோடு படம் எடுத்து மாட்டலாமே என்றேன். யோசிப்பதாகச் சொன்னார். சிவப்பழகு விளம்பரத்தைப் பற்றிப் பதில் சொல்லவில்லை.

இன்னொரு குறை. தொழிலாளர்களின் சட்டையில் குத்தியிருக்கும் பெயர் அட்டையில், வாடிக்கையாளர் வாயில் நுழைய வேண்டும் என்று உரிமையாளரே வைத்த பெயர்கள்தான் இருக்கின்றன. மனிதனுக்குச் சொந்தப் பெயர் இருக்கிறது. டைனோசர்களின் பெயர்களை ஒரே மூச்சில் சொல்லும் பிள்ளைகள் ஒரு மிசோ பெயரைச் சொல்ல மாட்டார்களா? என் பேரன் கேட்டுத் தெரிந்துகொண்டு, சரியாகவே கூப்பிடுகிறான்.

உரிமையாளரைப் பாராட்ட வேண்டிய விஷயமும் உண்டு. டோக்கன் வரிசைப்படி எந்த நாற்காலி காலியாகிறதோ அதுதான். "இவர் வேண்டாம், அந்தத் தமிழ்ப் பையன் வெட்டட்டும்" என்று ஒருவர் கேட்டபோது, "என் கடையில் எல்லாரும் என் பையன்கள்தான். காத்திருக்க வேண்டுமானால் கடைசி டோக்கன் தருகிறேன்" என்று குரலை உயர்த்தாமல் சொன்னார். கேட்டவர் மகனோடு அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தார்.

அதே கடையில் ஒரு ஆட்டோ ஓட்டுநரையும் பார்த்தேன். மகன் தயங்கியபோது முன்னால் நகர்ந்து, "தம்பி, உங்கள் ஊர் எது? மலையா, சமவெளியா?" என்று அந்த இளைஞரிடமே கேட்டார். மலை என்றதும், "நம் கீரிப்பாறை மாதிரியா?" என்றார். இளைஞர் செல்பேசியில் தன் ஊர்ப் படத்தைக் காட்டினார். மூன்று தலைகளும் அந்தச் சிறிய திரைமேல் குனிந்தன. "மக்களே, மாமாவுக்கு வணக்கம் சொல்" என்றார் அப்பா. பையன் பலகையில் ஏறிய பிறகு வாய் ஓயவில்லை. முன்னால் நகர்ந்தார், ஊரைக் கேட்டார், மாமா என்றார். அவர் செய்தது அவ்வளவுதான்.

போக நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை. புதன், வியாழன் மாலைகளில் கூட்டம் குறைவு. ஞாயிறு காலை மிசோரம் இளைஞர் தேவாலயத்துக்குப் போய்விடுவார், மதியம் 2 மணிக்குப் பிறகுதான் வருவார். வண்டி நிறுத்த இடம் மிகக் குறைவு, நடந்து வருவது நல்லது. குழந்தையோடு வருபவர்கள் பின்வரிசை நாற்காலியில் உட்காராமல், கேட்டு வாங்கி, முடி வெட்டுபவரின் பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்காருங்கள். கேட்டால் தருகிறார்கள்.