கிடார் மீன்கள்: ஒரே குடும்பமா, ஐந்து குடும்பங்களா?

மும்பை மாட்டுங்காவில் நண்பர்கள் சிலர் சேர்ந்து மேற்குக் கரை மீன்களுக்குத் தமிழில் ஒரு பட்டியல் தயாரித்து வருகிறோம். திருக்கை வகையைச் சேர்ந்த, கிடார் வடிவ உடலுள்ள கிடார் மீன் வந்ததும் ஒரு முடிவு எடுக்க வேண்டியதாயிற்று. பழைய நூல்கள் இவற்றில் பெரும்பாலானவற்றை ராய்னோபாட்டிடே என்ற ஒரே குடும்பத்தில் வைக்கின்றன. 2016-இல் மீன் ஆய்வாளர்கள் லாஸ்ட், செரே, நெய்லர் மூவரும் வெளியிட்ட திருத்தம், ராய்னோப்ரிஸ்டிஃபார்மிஸ் என்ற வரிசைக்குள் (குடும்பத்துக்கு மேலான பிரிவு) ஐந்து குடும்பங்களைக் காட்டுகிறது. நாங்கள் புதியதையே எடுத்துக்கொண்டோம். என் ஓட்டும் அதற்குத்தான்.

பழைய முறை சுலபமானது. முன்பாதி திருக்கை, பின்பாதி சுறா, அவ்வளவுதான். மும்பையின் சசூன் டாக் மீன்பிடித் துறைமுகத்தில் மீன் இறங்கும் வேகத்தில் அதற்கு மேல் பார்க்க நேரமும் கிடைக்காது. புதிய முறையில் வேலை கூடுதல். முதல் முதுகுத் துடுப்பு இடுப்புத் துடுப்புக்கு மேலாக நின்று, வாலின் கீழ்மடலும் நன்றாக வளர்ந்திருந்தால் ராய்னிடே குடும்பம் என்று எழுதிவிடலாம். குளோக்கோஸ்டெகஸ், ராய்னோபாட்டஸ் என்ற பேரினங்களைப் பிரிக்க மீனைப் புரட்டிப் போட்டு மூக்குத் துளையோர மடிப்பைப் பார்க்க வேண்டும். பெரிய மீனில் இது எனக்குப் பழகிவிட்டது. குட்டிகளில் இன்னும் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது புதைபடிவங்கள்தான். ஜெர்மனியின் சோல்ன்ஹோஃபன் பகுதிச் சுண்ணாம்புக் கற்களில் சுமார் 15 கோடி ஆண்டு பழைய ஆஸ்டெரோடெர்மஸ் என்ற மீனின் புதைபடிவம் கிடைத்திருக்கிறது. அதே காலத்து ஸ்பாத்தோபாட்டிஸ் பிரான்சின் செரினிலும் கிடைத்தது. படத்தைப் பார்த்தால் கிடார் மீன் என்றுதான் யாரும் சொல்வார்கள். லெபனானின் ஹாகெல் பாறைகளில் உள்ளவை அதற்கு ஐந்து கோடி ஆண்டுகளுக்கும் மேல் பிந்தியவை. அவற்றில் பலவற்றுக்கு ராய்னோபாட்டஸ் என்றே பெயர் வைத்தார்கள். உருவத்தை வைத்துக் குடும்பம் அமைத்தால் இத்தனையும் ஒரே வீட்டுக்குள் வந்துவிடும். டைனோசர் காலத்திலிருந்து மாறாமல் நீந்தும் மீன் என்ற கதையும் கூடவே வரும்.

அந்தக் கதையை நான் ஏற்கவில்லை. இந்த உருவம் திருக்கைகளின் பழைய பொது அமைப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பழைய அமைப்பை விடாமல் வைத்திருப்பவை எல்லாம் நெருங்கிய சொந்தம் ஆகிவிடாது. டி.என்.ஏ. ஆய்வுகள் இதை அழுத்தமாகச் சொல்கின்றன: ரம்பம் போன்ற மூக்குள்ள வேளா மீன் கிடார் மீன்களின் கிளைக்குள்ளேயே வருகிறது. வேளாவை வெளியே நிறுத்திவிட்டு மற்றவற்றை ஒரே குடும்பம் என்பது, அண்ணன் தம்பிகளைச் சேர்த்து எழுதி ஒருவனை மட்டும் விட்டுவிடும் குடும்ப அட்டை மாதிரி. புதிய பட்டியலில் வேளாவின் பிரிஸ்டிடே இந்த ஐந்தில் ஒன்றாகவே இருக்கிறது.

இத்தாலியின் போல்காவில் கிடைத்த புதைபடிவ மீன்கள் இதற்கு நல்ல சான்று. சுமார் 5 கோடி ஆண்டு பழைய இரண்டு இனங்கள் வெகுகாலம் ராய்னோபாட்டஸாகவே இருந்தன. எலும்புக்கூட்டு அமைப்பை மறுபடி ஆராய்ந்தபின் ஒன்று சூடோராய்னோபாட்டஸ், இன்னொன்று ஈயோராய்னோபாட்டஸ் என்று தனித்தனிப் பேரினங்கள் ஆயின. கல் அதே கல்தான். பழைய குடும்பத்தை அப்படியே நம்பியிருந்தால் யாரும் அதைத் திரும்ப எடுத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

புதிய பிரிப்பால் இன்னொரு பயனும் உண்டு. 2019-இல் ஜெனீவாவில் சைட்டிஸ் (அழிவு அபாயத்தில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்துக்கான ஒப்பந்தம்) மாநாடு குளோக்கோஸ்டெகஸையும் ராய்னிடே குடும்பத்தையும் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் இரண்டாம் பட்டியலில் சேர்த்தது. ராய்னோபாட்டிடே 2022-இல்தான் பனாமாவில் சேர்ந்தது. வேளா மீன்கள் எல்லாம் அதைவிடக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கின்றன. துடுப்பு வணிகம் இந்த மீன்களை அழிவின் விளிம்புக்குத் தள்ளியிருக்கும்போது, சட்டம் எந்தக் குடும்பத்தின் பெயரைச் சொல்கிறதோ அதே பெயர் எங்கள் பட்டியலிலும் இருக்க வேண்டும். மொத்தமாக 'கிடார் மீன்' என்று எழுதி வைத்தால் அந்தக் குறிப்பு பாதுகாப்பு வேலைக்கு உதவாது.

ஒரே ஒரு இடத்தில் பழைய முறைக்கு விட்டுக்கொடுப்பேன். இவற்றின் குருத்தெலும்புக் கூடு எளிதில் கல்லில் தங்காது. பெரும்பாலும் மிஞ்சுவது மில்லிமீட்டர் அளவுப் பற்கள்தான். தனிப் பல்லை வைத்து ஐந்தில் ஒரு குடும்பத்தைத் துணிந்து சொல்வதை விட, 'கிடார் மீன் வகைப் பல்' என்று பொதுவாக எழுதிவிட்டு அடுத்த கல்லுக்குப் போவது நல்லது.