பி.யூ. (பாலியூரித்தேன்) பூச்சு: அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்து அடியுங்கள்

எங்கள் வாசற்கதவு தேக்கு, மேற்குப் பார்த்தது. மத்தியானத்துக்கு மேல் வெயில் முழுக்க அதன் மேல்தான். முன்பு அடித்திருந்த மெலமைன் பாலிஷ் சீக்கிரமே வெடித்து உரிந்துவிட்டது. அதைச் சுத்தமாகச் சுரண்டி எடுத்து, தின்னரால் துடைத்துத் தேக்கின் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கிவிட்டு, ஹார்ட்னர் (பூச்சை இறுகவைக்கும் திரவம்) கலக்கும் எக்ஸ்டீரியர் பி.யூ. அடித்தோம். ஆறேழு வருடமாகிறது. சாரல் படும் கீழ்ச்சட்டத்தில் மட்டும் பளபளப்பு மங்கியிருக்கிறது. மற்ற இடங்களில் நகத்தால் கீறினாலும் தடம் விழுவதில்லை.

ஹார்ட்னரில் இரண்டு வகை உண்டு. அரோமேட்டிக் வகை விலை குறைவு, வெயில் பட்டால் மஞ்சளாகும். அலிஃபாட்டிக் வகை நிறம் மாறாது. கூடத்து ஊஞ்சல் பலகைக்கு முதலாவதே போதும். வெளிக்கதவுக்கும் வெள்ளை நிற வேலைக்கும் காசு பார்க்காதீர்கள்.

சரி, மற்ற பெயின்ட்டோடு ஒத்துப்போகுமா? தகராறே அங்கேதான். மைத்துனர் வீட்டு இரும்பு கேட்டில் பழைய சிந்தெடிக் எனாமல் இருந்தது. “மேலேயே அடிச்சிடலாம் சார், ஒண்ணும் ஆகாது” என்றார் பெயின்டர். அடித்த கொஞ்ச நேரத்திலேயே பழைய எனாமல் பாலாடை மாதிரிச் சுருங்கி எழுந்துவிட்டது. பி.யூ. தின்னரில் இருக்கும் ஸைலீன் போன்ற கரைப்பான்கள் எனாமல் படலத்துக்குள் இறங்கி அதை ஊதவைத்துவிடும். பிறகு இரும்பு தெரியும்வரை சுரண்டி, எபாக்ஸி பிரைமர் அடித்து, அதன் மேல் பி.யூ. போட்டார்கள். இன்றுவரை ஒரு குறையும் இல்லை. எபாக்ஸி இரும்பை நன்றாகப் பிடித்துக்கொள்ளும், ஆனால் வெயிலில் மாவு பூக்கும். பி.யூ. மேலே இருந்து அதைக் காக்கும். இதைவிடப் பொருத்தமான ஜோடியை நான் பார்க்கவில்லை.

என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் அடித்த சாமான் மேலும் பி.யூ. வேண்டாம். அடியில் இருப்பது மெத்தென்று இருக்க, மேலே கெட்டியான படலம் போட்டால் ஒருநாள் வெடிக்கும். தாத்தா காலத்து அலமாரியில் இருக்கும் அரக்கு பாலிஷ் வேறு விதம்: அரக்கில் இயற்கையாகவே மெழுகு உண்டு, அதன் மேல் பி.யூ. சரியாக ஒட்டாது. அப்படிப்பட்ட சாமான்களை அரக்கோடே விட்டுவிடலாம் என்பது என் கட்சி. அழகும் அதுதான்.

தின்னர் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ‘எல்லாம் ஒண்ணுதான்’ என்று என்.சி. தின்னரை ஊற்றுவார்கள். அதில் ஆல்கஹால் கலந்திருக்கும். ஹார்ட்னர் அதோடு வினைபுரிந்து வீணாகும், பூச்சு பிசுபிசுப்பாகவே நிற்கும். தண்ணீரும் அப்படித்தான். ஐப்பசி ஈரத்தில் அடித்தால் ஹார்ட்னர் ஈரத்தோடு சேர்ந்து கரியமில வாயுவை விடும், படலத்தில் குட்டிக் குட்டிக் கொப்புளங்கள் வரும். தை, மாசியில் வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

குறை என்றால் ரிப்பேர்தான். அரக்கில் புதுப் பூச்சு பழையதோடு கரைந்து சேரும், பி.யூ.வில் சேராது. 320 நம்பர் உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, அந்தப் பலகை முழுவதும் அடிக்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் ஒட்டுப்போட்டால் விளிம்பு தெரியும்.

ஸ்பிரே அடிப்பவர் மூக்கில் துண்டு கட்டிக்கொண்டு நின்றால் தடுத்துவிடுங்கள். ஹார்ட்னரில் இருக்கும் ஐசோசயனேட் ஆஸ்துமாவைக் கொண்டுவரும், துணி அதைத் தடுக்காது. காற்றை வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க்கை நீங்களே வாங்கிக் கொடுத்தாலும் தகும். அப்புறம், சின்ன பேக்காகவே வாங்குங்கள். திறந்த ஹார்ட்னர் டப்பா காற்றின் ஈரத்தை இழுத்துக் கட்டியாகிவிடும்.